தாஅல்: இடம் பெயர்ந்தும் பெயர் மாறாத கடற்கரை நகர்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறள், சிலம்பு, கம்பன் என்னும் மூன்றனுள் ஒன்றைப் பற்றிப் பேசுதல் நம் சங்கத்தின் மரபு. அவற்றைப் பேசத் தக்க புலமை உடையோர் இவ்வவையிலே பலர் உளர். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தோம். ஊர்ப் பெயர்களும், அவற்றிடையே உள்ள தொலைவுகளும், எந்த ஊருக்கு எந்தப் பொருள் போகின்றது என்பதுமே எமக்குப் பழகிய கல்வி. ஆதலின் ஓர் ஊரைப் பற்றியே பேசுவதெனத் துணிந்தோம்.

அவ்வூர் தமிழகத்தில் இல்லை, பாரதத்திலும் இல்லை. பிலிப்பைன் தீவுகளில் உள்ளது. "இத்துணைத் தொலைவில் உள்ள ஊர் நமக்கு எதற்கு?" எனச் செயலாளர் அவர்கள் வினவினார்கள். முறையான வினாவே. இக்கரக்பூர்க் குடியிருப்பில் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்போதும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், 'சொந்த ஊர்' என்னும் கட்டம் ஒன்று வருகின்றது. பிள்ளை பிறந்தது இங்கே. தந்தை பிறந்ததும் இங்கே. பாட்டனார் பிறந்தது கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே இன்று வீடும் இல்லை, நிலமும் இல்லை. எதை எழுதுவது எனப் பிள்ளை கேட்கின்றான். நாம் விழிக்கின்றோம். தாஅல் என்னும் நகரத்து மக்கள் இதைவிடக் கடினமான நிலையில் நின்றவர்கள். அவர்களுக்கு ஊர் தூரமாகிவிடவில்லை. ஊரே மண்ணுக்குள் போய்விட்டது. பின்னர் அவர்கள் செய்தது என்ன என்பதே நம் பேச்சின் பொருள்.

முதற்கண் இருப்பிடம் கூறுவோம். பிலிப்பைன் தீவுக் கூட்டத்தில் மிகப் பெரியது லூசோன் தீவு. மணிலா மாநகரம் இருப்பதும் அத்தீவிலேயே. மணிலாவினின்று தெற்கு நோக்கிச் சாலை வழியே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்படச் சென்றால் பத்தாங்காஸ் மாகாணத்தில் இந்நகரை அடையலாம். ஊர் ஒரு மேட்டின் மேல் அமைந்துள்ளது. மேட்டினின்று இறங்கினால் பலாயான் விரிகுடாவின் கடற்கரை. மேற்கே பான்சிபிட் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. ஆற்றின் மறுகரையில் லெமெரி என்னும் ஊர். வடகிழக்கே சில கல் தொலைவில் 234 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய ஏரி ஒன்று கிடக்கின்றது. அவ்வேரியின் நடுவே ஒரு தீவு. அத்தீவே ஓர் எரிமலை. எரிமலையின் வாய்க்குள் ஒரு குளம். அக்குளத்தின் நடுவே, 2020 வரை, ஒரு சிறு பாறைத்திட்டும் இருந்தது. பெட்டிக்குள் பெட்டி வைத்த விளையாட்டுப் பொருள் போன்றது அந்த நில அமைப்பு. பெரிய ஏரியும் உண்மையில் ஏரியன்று. பண்டை நாளில் வெடித்து அமிழ்ந்துபோன ஒரு மாபெரும் எரிமலையின் வாயே நீர் நிறைந்து ஏரியாய் நிற்கின்றது.

பெயரைப் பற்றி ஒரு சொல். இது நம் அண்டை வீட்டார் சமைக்கும் 'தால்' அன்று. முதலசையை ஒலித்துத் தொண்டையிற் சற்றே நிறுத்திப் பின் 'அல்' என முடித்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஏ' என்னும் எழுத்தை இருமுறை அடுத்தடுத்து எழுதி விட்டுவிடுகின்றார்கள், படிப்பவர் திகைக்கின்றார். நமக்கோ அளபெடை என ஒன்று உண்டு. ஆகவே 'தாஅல்' என்றே எழுதினோம். ஆற்றங்கரையில் மிக்கிருந்த ஒரு மரத்தின் பெயரால் ஊர்ப்பெயர் வந்தது என்பர். அம்மக்களின் மொழியில் 'தாஅல்' என்னும் சொல்லுக்கு 'கலப்பற்றது, மண்ணுக்கே உரியது' என்னும் பொருளும் உண்டு. இடம் பெயர்ந்த ஓர் ஊருக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்தது வியப்பே.

அம்மக்களின் மொழி தகாலோகு. 'ஆற்றைச் சார்ந்தோர்' என்பது அப்பெயரின் பொருள் எனப் பொதுவாகக் கூறுவர். அம்மொழியில் முகத்துக்கு 'முகா', ஆசைக்கு, நம்பிக்கை என்னும் பொருளில், 'ஆசா', ஆசிரியர்க்கு 'குரோ'. இவை வடசொற்கள் மலாய் நாட்டு வழியே சென்று சேர்ந்தவை. 'மாங்கா' என்னும் சொல் நம் மாங்காயே. அதுவும் மலாய் வழியாகவே கடல் கடந்தது. எழுத்தின் செய்தி இன்னும் சுவையானது. ஸ்பானியர் வருமுன் தகாலோகு மக்கள் 'பைபாயின்' என்னும் எழுத்தை வழங்கினர். நம் எழுத்தைப் போலவே அதுவும் பழைய பிராமி எழுத்தின் வழித்தோன்றல். ஒவ்வொரு மெய்யும் அகரம் ஏறியே நிற்கும். மேலே ஒரு கோடு இட்டால் இகரம், கீழே இட்டால் உகரம். ஆனால் அகரத்தை நீக்கித் தனிமெய்யாக்கும் குறி அவர்களிடம் இல்லை. 1620-ஆம் ஆண்டில் லோபெஸ் என்னும் பாதிரியார் அதற்கென ஒரு சிலுவைக் குறியைப் புகுத்தினார். நமக்குத் தொல்காப்பியர் கூறிய புள்ளி எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அயல்மொழி எழுத்தைப் படிக்கும்போதே உணர்கின்றோம்.

தகாலோகிலும் வட்டார வழக்குகள் உண்டு. தாஅல் உள்ளிட்ட பத்தாங்காஸ் வழக்கு அழுத்தமானது, பழைய உருவங்களைக் காப்பது. மணிலா மக்கள் அதைக் கேட்டு நகைப்பர். ஒரு வேடிக்கை கூறுவர். "நாகாயின் கா பா நாங் பாத்திங்?" எனப் பத்தாங்காஸ் வாசி வினவினால், "நீ சுறாமீன் தின்பதுண்டா?" என்பது பொருள். மணிலாவாசியின் காதில் அதுவே, "உன்னைச் சுறாமீன் தின்றுவிட்டதா?" என விழும். நெல்லைத் தமிழும் தஞ்சைத் தமிழும் சென்னைத் தமிழும் ஒரே தெருவில் வாழும் நம் குடியிருப்பில் இந்த நகைச்சுவைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி வரலாறு. ஸ்பானியர் வருமுன்னரே இக்கடற்கரை வாணிகம் கண்ட கரை. விரிகுடாவின் மேற்கு முனையில் உள்ள கலத்தாகான் என்னுமிடத்தில் 1958-இல் அகழ்ந்தபோது, புதைகுழிகளுள் சீனத்துப் பீங்கான் கலங்கள் திரளாய்க் கிடைத்தன. 1570-இல் மணிலாவை நோக்கிச் சென்ற ஸ்பானியப் படைத்தலைவர்களான மார்த்தின் தெ கோயித்தியும் ஹுவான் தெ சால்செதோவும் இக்கரையைக் கண்டனர். சால்செதோ பான்சிபிட் ஆற்றின் வழியே உள்ளே புகுந்தபோது கரையிலிருந்தோர் எய்த அம்பு அவர் காலில் தைத்தது. வரவேற்பு அத்தகையது. எனினும் 1572-இல் அகுஸ்தினிய சபைத் துறவியர் தாஅல் என்னும் ஊரை நிறுவினர். அந்தத் தாஅல் இன்றைய இடத்தில் இல்லை, ஏரிக்கரையில் இருந்தது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் அவ்வேரி ஏரியாகவே இல்லை. பலாயான் விரிகுடாவோடு அகன்ற வாய்க்கால் ஒன்றால் இணைந்து, கடலின் ஒரு கையாகவே அது கிடந்தது. நீர் உப்பு நீர். கடல் மீன்கள் தங்கு தடையின்றி வந்து போயின. மரக்கலங்கள் விரிகுடாவினின்று நேரே உள்ளே சென்றன. புயலுக்கு ஒதுங்கவும், தென்புலத்தினின்று வந்து கடற்கரை ஊர்களைச் சூறையாடிய கடற்கொள்ளையர்க்குத் தப்பவும் அவ்வுள்நீர் நல்ல காவலிடம். அதன் கரையில் தாஅல், லிப்பா, தனவுவான், சாலா என்னும் நான்கு ஊர்கள் வளமாய் வாழ்ந்தன. 1732-இல் தாஅல் மாகாணத்தின் தலைநகரும் ஆயிற்று. எதிரே தீவில் எரிமலை அவ்வப்போது புகைந்தது. புகைவதும் அடங்குவதுமாய் இருந்தமையால் மக்கள் அதற்குப் பழகிவிட்டனர். எரிமலைச் சாம்பல் நாளடைவில் நல்ல விளைநிலமாகும். நீரில் மீனுக்குக் குறைவில்லை. அபாயம் என்பது என்றோ ஒரு நாள் வருவது. பசி நாள்தோறும் வருவது. அவர்களைப் பேதையர் என நாம் கூறமாட்டோம்.

1754-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இரவு மலை வெடிக்கத் தொடங்கிற்று. அது ஓரிரவு நிகழ்ச்சியன்று. இடையிடையே அடங்கியும் மீண்டும் சீறியும் டிசம்பர்த் தொடக்கம் வரை, ஏறத்தாழ ஆறரைத் திங்கள், அது நீடித்தது. அவ்விடத்துப் பங்குத் துறவியான புவென்குச்சில்லோ என்பார் தாம் கண்டவற்றை எழுதி வைத்தமையால் நமக்கு அதன் விவரம் தெரிகின்றது. சாம்பலும் கல்லும் மழையெனப் பொழிந்தன, பகல் இரவாயிற்று, கூரைகள் பாரந் தாங்காது விழுந்தன, மணிலா வரையிலும் சாம்பல் பரவிற்று. நவம்பர் இறுதியில் வந்த சீற்றமே மிகக் கொடிது. அது ஓய்ந்தபோது ஏரிக்கரையின் நான்கு ஊர்களும் அழிந்து கிடந்தன.

ஊர் அழிந்ததைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. மலை உமிழ்ந்த பொருள்கள் கடலுக்கும் உள்நீருக்கும் இடைப்பட்ட வாய்க்காலை அடைத்துவிட்டன. வெளியேற வழியின்றி நீர் மட்டம் உயர்ந்தது. கரையோர நிலங்களையும் கட்டடங்களையும் மூழ்கடித்தது. பின்னர் நீர் தானே குறுகிய ஒரு வழியை அறுத்துக்கொண்டு கடலுக்குச் சென்றது. அதுவே இன்றைய பான்சிபிட் ஆறு. கப்பல் சென்ற வழியில் இன்று சிறு படகுகளே செல்லும். கடலின் கை வெட்டுண்டு ஏரியாயிற்று. பின்வந்த ஆண்டுகளின் மழை நீர் சிறிது சிறிதாக உப்பை நீக்கி அதை நன்னீராக்கிற்று.

அடைபட்ட நீருக்குள் அகப்பட்ட உயிர்களின் கதை இவ்வரலாற்றுள் எமக்கு மிகவும் பிடித்த பகுதி. கடலில் வாழும் மத்தி இனத்து மீன் ஒன்று அந்நீரில் தங்கிவிட்டது. 'தாவிலிஸ்' என்பது அதன் பெயர். உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் மத்தி அது. கடற்பாம்பு இனம் ஒன்றும் நன்னீருக்குப் பழகி இன்றும் அவ்வேரியில் வாழ்கின்றது. சுறாமீன்களும் நெடுநாள் இருந்தன; மக்கள் வேட்டையாடி 1930-களுக்குள் அவற்றை ஒழித்துவிட்டனர். 'மாலிபூத்தோ' என்னும் பாரை இனத்து மீன் மட்டும் இன்றும் ஆற்றின் வழியே கடலினின்று ஏரிக்கு ஏறி வருகின்றது. கடல் மீன் நன்னீருக்குப் பழகிய கதையைக் கேட்கும்போது, காவிரி நீர் குடித்து வளர்ந்து இங்குள்ள குழாய் நீருக்குப் பழகிய நம் பாட்டிமார்களின் நினைவு வருகின்றது. அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பழகியவர்கள்தாம்.

மக்கள் எங்கே சென்றனர்? லிப்பாவும் தனவுவானும் ஏரியை விட்டு விலகி வேற்றிடங்களில் எழுந்தன. சாலா தனியூராக மீளவில்லை, தனவுவானோடு ஒன்றிவிட்டது. தாஅல் மக்கள் ஆற்றைத் தொடர்ந்து கடலோரத்துக்கு வந்து, அங்கிருந்த மேட்டில் குடியேறினர். அவ்விடத்தை அவர்கள் தேர்ந்தமைக்குக் காரணம் தேடித் திரிய வேண்டியதில்லை. மேட்டின் அடிவாரத்தில் காய்சாசாய் அன்னையின் ஆலயம் முன்னரே இருந்தது. 1603-ஆம் ஆண்டு ஹுவான் மானிங்காத் என்னும் மீனவர் பான்சிபிட் ஆற்றில் வலை வீசியபோது, ஓரடிக்கும் குறைவான அன்னையின் திருவுருவம் ஒன்று வலையில் வந்தது என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் வரலாறு. வீடிழந்தோர் முதலில் நாடுவது தெரிந்த முகத்தை. அடுத்து நாடுவது வழிபடும் இடத்தை. நம்மவர் இக்குடியிருப்புக்கு வந்த தொடக்க காலத்தில் வாடகை வீடு சரிவர அமையுமுன் முருகனுக்கு ஒரு கொட்டகை போட்டதை இங்குள்ள முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம்.

மாற்றல் உத்தரவு வந்து செல்லும் குடும்பங்களின் சாமான் பட்டியலை எழுதுவது எம் அலுவல்களுள் ஒன்று. கட்டில், பெட்டி, அண்டா, மிதிவண்டி, ஆட்டுக்கல் என வரிசையாய் எழுதுவோம். எடையிட்டு எழுத இயலாதவை சிலவும் கூடவே ஏறிச் செல்கின்றன. தாஅல் மக்கள் கொண்டுவந்தவற்றுள் தலையாயது ஊரின் பெயர். புதிய மேட்டுக்குப் புதிய பெயர் சூட்டாமல் தாஅல் என்றே அழைத்தனர். பழைய ஊரின் காவலரான தூர் நகரத்துப் புனித மார்த்தினையே புதிய ஊருக்கும் காவலராக்கினர். மாகாணத் தலைமை மட்டும் உடன் வரவில்லை. அது பத்தாங்காஸ் என்னும் ஊருக்குச் சென்றது, மாகாணத்தின் பெயரும் அவ்வாறே ஆயிற்று. பழைய தாஅல் இருந்த மண் 1955-இல் சான் நிக்கோலாஸ் என்னும் தனி ஊராட்சியாகப் பிரிந்தது. பழைய தேவாலயத்தின் சிதைந்த சுவர்கள் அங்கேதான் நிற்கின்றன. ஆகவே இன்று தாஅல் தோன்றிய மண் தாஅலுக்குள் இல்லை. ஆயினும் "நீவிர் தாஅல் அல்லர்" என அவ்வூராரை நோக்கி எவரும் கூறியதில்லை.

இவ்விடத்தில் தமிழகத்தைத் தொடும் ஒரு செய்தியையும் கூறிவிடுகின்றோம். தாஅல் இடம் பெயர்ந்து எட்டாண்டு கழித்து, 1762 ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஆங்கிலக் கப்பற்படை ஒன்று சென்னைத் துறையினின்று மணிலாவை நோக்கிப் புறப்பட்டது. நம் பகுதியில் திரட்டிய சிப்பாய்களும் அதில் சென்றனர். அக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1764-இல் ஆங்கிலேயர் நகரைத் திருப்பித் தந்து நீங்கியபோது சிப்பாய்களுள் சிலர் திரும்பவில்லை. மணிலாவின் கிழக்கே கைந்தா என்னும் ஊரில் தகாலோகுப் பெண்களை மணந்து தங்கிவிட்டனர். அவர்தம் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

புதிய தாஅல் விரைவில் தழைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் மணிலா அயல்நாட்டு வாணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும், சர்க்கரையும் காப்பியும் கால்நடையும் இம்மாகாணத்தைச் செல்வ நாடாக்கின. பத்தாங்காசின் 'பராக்கோ' என்னும் காப்பி இன்றும் புகழுடையது, லைபீரிகா இனத்தது, கசப்பும் வீச்சும் மிக்கது. கும்பகோணத்து வடிநீரை விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாய் இல்லை. இருந்தும் அதன் புகழைக் கூறாதிருத்தல் முறையன்று. செல்வம் பெருகவே கீழே கல்லும் மேலே மரமுமாய்ப் பெரிய மாளிகைகள் எழுந்தன. அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன. 1852-இல் நிலநடுக்கத்தால் தேவாலயம் இடிந்தது. 1856-இல் மீண்டும் தொடங்கி, 1878-இல் முடித்தனர். ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும் 45 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடைய அது ஆசியாவின் பெருந்தேவாலயங்களுள் ஒன்று. முன்னொரு காலத்தில் உலகிலேயே நீளமானது எனப் பெயர் பெற்ற நமது 1072 மீட்டர் நடைமேடையோடு ஒப்பிட்டால் இது சிறிதாய்த் தோன்றலாம். ஆனால் ஊரை இழந்தும் இடித்தும் கட்டியும் பழகிய கடலோரச் சிற்றூர் ஒன்று தன் தோளில் தூக்கி நிறுத்திய கட்டடம் அது.

கைத்தொழில் மூன்று அங்கே பேர் பெற்றவை. அன்னாசி இலையின் நாரினின்று நெய்த மெல்லிய துணியில் பெண்கள் செய்யும் பூத்தையல் ஒன்று. மடக்குக் கத்தி மற்றொன்று, 'பாலிசோங்' என்பர், இரண்டாய்ப் பிளந்த பிடி அலகை மூடிக்கொள்ளும். பத்தாங்காஸ் ஆடவர் அதை இடுப்பிற் செருகாமல் வெளியே கிளம்பார் என்பது பிற மாகாணத்தார் கூறும் கேலி. மூன்றாவது சமையல். சூரை இனத்துச் சிறுமீனை உப்பிட்டு நசுக்கி, உலர்ந்த பிலிம்பிக்காயின் புளிப்போடு மண் சட்டியில் அடுக்கி, சிறுதீயில் நெடுநேரம் வேகவைப்பர். சில நாள் வரை கெடாதாம். சைவ அன்பர்கள் பொறுத்தருள்க.

தையல் என்றோம், அத்தொழிலில் தேர்ந்த ஒரு பெண்மணியின் பெயரை இங்கே கூறாமல் செல்லல் ஆகாது. தாஅல் நகரிற் பிறந்த மர்செலா அகொன்சில்லோ அவர்கள்தாம் பிலிப்பைன் நாட்டின் கொடியைத் தைத்தவர். அவர்தம் கணவர் பெலிப்பே அகொன்சில்லோ, அதே ஊரிற் பிறந்த வழக்கறிஞர். ஸ்பானிய ஆட்சியின் சினத்துக்கு ஆளாகி நாடு கடத்தப்படும் நிலை வந்தபோது தப்பிச் சென்று, ஹாங்காங்கில் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1898 மே மாதத்தில் புரட்சித் தலைவர் அகினால்டோ வேண்டியதற்கு இணங்க, மர்செலா அம்மையாரும் அவர் சிறுமகள் லொரென்சாவும் தெல்பீனா என்னும் உறவுப் பெண்ணல்லாத நட்பினரும் சேர்ந்து ஐந்து நாளில் அக்கொடியைத் தைத்து முடித்தனர். அந்தத் தெல்பீனா, நாட்டின் பெருவீரர் ரிசாலின் தமக்கை வழி மகள். ஜூன் 12-ஆம் நாள் காவித் என்னும் ஊரில் விடுதலை முழங்கியபோது உயர்ந்தது அக்கொடியே. நாட்டின் கொடி தைக்கப்பட்டது நாட்டுக்கு வெளியே, ஓர் அகதிக் குடும்பத்தின் வாடகை வீட்டில்! வெளியூரில் வாழ்வோர் ஊருக்கு என்ன செய்துவிட முடியும் என இளைத்துப் பேசுவோர் இதனை எண்ணுதல் நலம்.

பெலிப்பே அவர்களோ புதிய அரசின் தூதராக வாசிங்டன் சென்று அதிபர் மக்கின்லியைக் கண்டார். பாரிசில் ஸ்பெயினும் அமெரிக்காவும் உடன்படிக்கை பேசிய அவையினுள் அவரை விடவே இல்லை. 1898 டிசம்பர் 10-இல் இரண்டு கோடி டாலருக்குத் தீவுகள் கைமாறின. தூதுப் பயணங்களில் குடும்பத்தின் பொருளெல்லாம் கரைந்து, அம்மையார் தம் நகைகளை விற்றே பிள்ளைகளை ஊர் சேர்த்தார். தாஅலின் மற்றோர் அம்மையார் கிளிசேரியா மரேல்லா, தம் குடும்பத்துக் கப்பலான 'புலூசான்' என்பதையே புரட்சிக்கு ஈந்தவர். அமெரிக்கரோடு நடந்த போரில் பத்தாங்காஸ் நெடுநாள் பணியவில்லை. 1901 டிசம்பரில் தளபதி பெல், சிற்றூர் மக்களையெல்லாம் குறிப்பிட்ட எல்லைகளுக்குள் குவித்து அடைத்தார். பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1902 ஏப்ரலில் தளபதி மால்வார் சரணடைந்தார். மலை துரத்தியபோது மக்கள் தாமே இடம் தேடிக்கொண்டனர். படை அடைத்தபோது அதுவும் இயலவில்லை.

மலை உறங்கிவிடவில்லை. 1911 சனவரி 30-இல் வெடித்து 1,335 உயிர்களைக் கொண்டது. 1965 செப்டம்பர் 28-இல் வெடித்தபோது ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். படகேறித் தப்ப முயன்றோரும் அவருள் உளர். பின்னர் 2020 சனவரி 12-ஆம் நாள் பிற்பகல் மீண்டும் எழுந்தது. ஐந்து படிகொண்ட எச்சரிக்கையில் நான்காம் படி அறிவித்தனர். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வட்டத்துள் இருந்தோர் வெளியேற்றப்பட்டனர். தாஅல் நகரும் அவ்வட்டத்துள் அடங்கிற்று. மாளிகைகளும் பெருந்தேவாலயமும் சாம்பல் போர்த்து ஆளின்றி நின்றன. அண்டையில் லெமெரியின் தெருக்களிலும் வீடுகளிலும் நிலம் பிளந்தது. ஏரியின் மேற்கே நிலம் சற்று உயர்ந்து, பான்சிபிட் ஆறு நீரின்றி வறண்டது. 1754-இல் தோன்றிய ஆறு, மீண்டும் அடைபட்டதோ என அஞ்சினர்.

சனவரி 26-இல் எச்சரிக்கை ஒரு படி இறங்கியதும் பெரும்பாலோர் வீடு திரும்பிச் சாம்பலை வாரினர். இன்று 60,000-க்குச் சற்று மேற்பட்ட மக்கள் தாஅலில் வாழ்கின்றனர். ஏரி நடுவிலிருந்த தீவுவாசிகட்கோ அந்த வாய்ப்பு இல்லை. தீவில் இனி எவரும் குடியிருத்தல் ஆகாது என அரசு விலக்கிவிட்டது. மீன் பிடித்தும், சுற்றுலாவுக்கு வருவோரைக் குதிரையில் மலைமேல் ஏற்றியும் பிழைத்த குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேற்றூர்களில் வீடு கட்டித் தந்தனர். வீடு கிடைத்தது, ஏரி கிடைக்கவில்லை. அரசின் முடிவு சரியே என்பது எம் கருத்து, உயிரினும் பெரிது ஒன்றில்லை. ஆயினும் 1754-இல் ஊர்கள் திரளாகப் பெயர்ந்தன. பெயரும் ஆலயமும் சந்தையும் சேர்ந்தே சென்றன. 2020-இல் பெயர்ந்தோர் குடும்பம் குடும்பமாய்ச் சிதறினர். ஊரைத் திரளாகப் பெயர்த்து வைப்பதற்கும், ஆட்களைத் தனித்தனியே குடியமர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டம் தீட்டுவோர் அறிந்தாரா என்பதை அக்குடும்பங்களே கூற வல்லன.

கடைசியாகத் தாவிலிஸ் மீன். ஏரியில் வளர்ப்பு மீன்களுக்கான கூண்டுகள் மிகுந்தன. விலக்கப்பட்ட வலைகளும் இறங்கின. அம்மீன் அருகிவருவதாய் அறிஞர் கண்டனர். 2019 முதல் முட்டையிடும் காலமான மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களில் அதைப் பிடித்தல் கூடாதெனத் தடை விதித்துள்ளனர். கடலினின்று வெட்டுண்டும் பிழைத்த மீன் அது. மே மாதத்தில் மீண்டும் வலைகள் இறங்கும்.

எமக்குக் கொடுத்த நேரத்தைக் கடந்துவிட்டோம் எனத் தலைவர் மணியடித்து விட்டார்கள். பிள்ளைகள் காண்பதற்காக நாம் கையால் வரைந்த தாஅலின் நிலப்படம் சங்க நூலகத்துச் சுவரில் மாட்டப்பட்டுள்ளது. பழைய தாஅலைச் சிவப்பு மையிலும் புதிய தாஅலை நீல மையிலும் குறித்துள்ளோம்.